அத்தை வீட்டுத் துட்டி

மாமா இறந்த செய்தி வந்தபோது நான் புனேயில் இருந்தேன். மறுநாள் காலையிலேயே அடக்கம் முடிந்துவிட்டதால், கோவில்பட்டிக்கு அருகிலுள்ள அத்தையின் ஊருக்குத் துட்டி, அதாவது துக்கம், கேட்கத்தான் என்னால் போக முடிந்தது. அப்பா காலமான பிறகு அத்தைக்குப் பிறந்த வீடு என்றால் சித்தப்பாவும் நானும்தான். ஆகவே பதினாறாம் நாள் காரியத்துக்கு அத்தைக்குக் கோடிச் சேலை, அதாவது பிறந்த வீட்டுப் புதுச் சேலை, எடுக்கும் பொறுப்பும் எங்களுடையது.

எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளியில் துட்டிக்குப் போவதில்லை என்பதால் புதன்கிழமை காலை சித்தப்பா, சித்தியுடன் புறப்பட்டேன். தெருவில் போட்டிருந்த பந்தலின் கீழ் அத்தானும் பங்காளிகளும் வரிசையாக எழுந்து நிற்க, ஒவ்வொருவர் கையையும் தொட்டுவிட்டு பெஞ்சில் அமர்ந்தோம். துட்டி வீட்டில் ‘வாங்க’ என்று யாரும் அழைப்பதில்லை, கிளம்பும்போது ‘போயிட்டு வாறேன்’ என்று நாமும் சொல்வதில்லை. என்ன பேசுவது என்று பேருந்தில் தவித்துக்கொண்டே வந்த எனக்கு இந்த முறைகள் பெரிய ஆறுதலாக இருந்தன.

உள்ளே சித்தி அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுகை சற்று ஓய்ந்ததும், “எப்படி மதினி ஆச்சு?” என்று கேட்டார். ஆட்டுக்குத் தழை கட்டிவிட்டு வந்த மாமா சுக்குக் காப்பி கேட்டதையும், டப்பாவில் கருப்பட்டி குறைவாக இருந்ததால் பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்டதையும், தம்ளரோடு திண்ணைக்கு வந்தபோது அவர் தூணில் சாய்ந்திருந்ததையும் அத்தை சொன்னார். அடுத்து வந்தவர்களுக்கும் கருப்பட்டியைக்கூட விடாமல் அதே வரிசையில் சொன்னார். துக்கத்தில் இருப்பவரிடம் இப்படிக் கேட்பது இரக்கமற்ற வழக்கம் என்று முன்பு நினைத்திருந்தேன். ஆனால் கேட்க ஆளில்லாத நேரத்தில்தான் அத்தை மிகவும் தளர்ந்து போனார் என்பதை அன்று முழுக்க அருகிலிருந்து பார்த்தேன். அதற்காக எதையும் கேட்டுவிடலாம் என்பதில்லை. “மதுரைக்குக் கொண்டு போயிருக்கலாமே” என்று ஒருவர் சொன்னதும் அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார்; அந்த யோசனையால் இனி யாருக்கு என்ன பயன்?

கோடிச் சேலை வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்றார் சித்தப்பா. சித்தி வழியாக அத்தையிடமே கேட்டோம். வழக்கமாக உடுத்தும் கத்தரிப்பூ நிற நூல் சேலையே போதும் என்று சொல்லிவிட்டார். சித்தப்பா முணுமுணுத்தாலும், கடையில் நிறம் பார்த்து எடுத்தவர் அவர்தான்.

சொல்லால் ஆறுதல் கூற எனக்கு வராது என்பதால், அலைச்சல் வேலையில் பாதியை ஏற்றுக்கொண்டேன். இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். அந்த ஊருக்குக் கிராம நிர்வாக அலுவலரே பதிவாளர் என்பதால், அத்தானுடன் போய் அதை முடித்தோம். மாமாவின் ஆதாரில் இருந்த தலைப்பெழுத்தும் வங்கிப் புத்தகத்தில் இருந்ததும் வேறு வேறாக இருந்தன. எனவே படிவத்தில் பெயரை எழுதும் முன் இரண்டையும் அலுவலரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டோம். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க அத்தையின் கையெழுத்தும் வேண்டியிருந்தது. அதைக் காரியம் முடிந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று அத்தானும் நானும் முடிவு செய்தோம்.