ஏழாம் கிரீனில் பித்தியம்: ஓசூர் கோல்ஃப் மைதான நாட்குறிப்பு

மே 9

கோடைமழை பிடித்துக்கொண்டது. பகலில் 34 டிகிரி வெயில். நாலு மணிக்கு மேல் தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து மேகம் ஏறிவந்து கொட்டுகிறது. சுற்றியுள்ள மாந்தோப்புக்காரர்களுக்குக் காற்றுதான் பயம். எனக்கு ராத்திரிப் புழுக்கம். நேற்று இரவு 23-க்குக் கீழே இறங்கவே இல்லை. பகல் 30-க்கு மேல், இரவு 20-க்கு மேல், புல்லில் ஈரம் 12 மணி நேரத்துக்கும் கூடுதலாக நின்றால் பித்தியம் என்ற புல்லழுகல் நோய் கிளம்பும். சாயங்கால ஸ்பிரிங்க்ளரை நிறுத்தச் சொல்லிவிட்டேன். தண்ணீர் இனி விடியற்காலையில் மட்டும், அதுவும் மண்ணைத் தொட்டுப் பார்த்த பிறகு.

மே 11

வந்துவிட்டது. ஏழாம் கிரீன் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை), கிழக்கே தைலமர வரிசை நிற்கும் ஓரம். உள்ளங்கை அகலத் திட்டுகள். புல் எண்ணெயில் முக்கியெடுத்ததுபோல் கருத்து, வழவழவென்று படிந்து கிடக்கிறது. மேலே பஞ்சு இழையாக வெள்ளைப் பூசணம். விடிந்ததும் வந்தால்தான் இதைப் பார்க்க முடியும். வெயில் ஏறினால் இழை மறைந்துவிடும். பத்து மணிக்கு வருகிறவர் கண்ணுக்கு, தண்ணீர் போதாமல் காய்ந்த புல்லாகவே தெரியும். குழாயைத் திறந்துவிடுவார். நோய்க்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

ராயக்கோட்டைப் பக்கத்து அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, “சார், எங்க தக்காளி நாத்து அழுகுறப்போ இப்பிடித்தான் பிசுபிசுன்னு ஆவும்” என்றார். சரியாகச் சொன்னார். நாற்றங்காலில் நாற்றை அடியோடு சாய்ப்பதும் பித்தியம்தான்.

திட்டுகள் வட்டமாக இல்லை. மழைநீர் சரிந்து ஓடிய தடத்திலேயே நீண்டிருக்கின்றன. மோவர் சக்கரமும் செருப்பும் இதைச் சுமந்துபோகும். ஏழாம் கிரீனை எல்லாவற்றுக்கும் கடைசியில், ஈரம் காய்ந்த பிறகே வெட்ட வேண்டும். வெட்டியதும் மெஷினைக் கழுவ வேண்டும். மற்ற கிரீன்களில் மூங்கில் கழியை வீசிப் பனியை உதிர்த்தோம்.

கொஞ்சம் புல்லை ஈரக் காகிதத்தோடு பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன்.

மே 12

டப்பாவுக்குள் வெள்ளையாகப் பொங்கியிருக்கிறது. சந்தேகமில்லை.

மருந்துக் கடையில் கேட்டதும் கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை எடுத்து வைத்தார்கள். மாவில் ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய்க்கு அடித்துப் பழகிய ஊர், வேறென்ன நினைப்பார்கள்? ஆனால் பித்தியம் உண்மையான பூஞ்சை இனமே அல்ல, நீர்ப்பாசிகளுக்கு உறவான ஊமைசீட். கார்பென்டசிம் அதை ஒன்றும் செய்யாது. அதோடு போட்டியிடும் மற்ற பூஞ்சைகளை ஒடுக்கி அதற்கு இடமும் விட்டுக்கொடுக்கும். மெட்டலாக்சில் 8 சதம், மான்கோசெப் 64 சதம் கலந்த தூளை வாங்கிவந்து, பனி காய்ந்ததும் அடித்தோம். அடுத்த முறை இதையே அடிக்க மாட்டேன். மெட்டலாக்சிலைத் திரும்பத் திரும்ப அடித்தால் பித்தியம் அதற்குப் பழகிவிடும். மாற்றாக ஃபோசெட்டில் அலுமினியம் வைத்திருக்கிறேன்.

மே 13

ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குப் பந்து வேகமாக உருள வேண்டுமாம், மைதான நிர்வாகத்தினர் வந்து கேட்டார்கள். வெட்டு உயரத்தை 3.5 மி.மீ.யிலிருந்து 4.5-க்கு ஏற்றியிருப்பதாகச் சொன்னேன். முகம் சுருங்கியது. இலை குறைந்தால் புல் எதை வைத்து உணவு தயாரிக்கும்? மேகமூட்ட நாளில் அதற்குக் கிடைப்பதே கொஞ்சம் வெளிச்சம். ஒரு மில்லிமீட்டருக்காக வாதாடுவது வெளியாளுக்கு விசித்திரமாகப் படலாம், கிரீன் பிழைப்பது அந்த ஒரு மில்லிமீட்டரில்தான். ஒப்புக்கொண்டார்கள்.

மே 15

ஏழாவதில் கத்தியால் ஓர் ஆப்பு வெட்டி எடுத்தோம். மேலே இரண்டு அங்குலம் சருகும் மணலும். அதன் கீழ் கறுப்பாக ஒரு படலம், அழுகிய முட்டை நாற்றம். அதற்கும் கீழே இறுகிய செம்மண். முறையாகக் கட்டிய கிரீனில் சரளைக்கல்லுக்கு மேல் 30 செ.மீ. மணல் இருக்கும், தண்ணீர் இறங்கிப் போய்விடும். இது செம்மண்ணைக் குவித்துப் பழைய முறையில் போட்டது. தண்ணீர் போக வழியில்லை, காற்று வர வழியில்லை, கந்தகம் நாறுகிறது. மருந்து கொஞ்ச நாள் தள்ளிப்போடும், அவ்வளவே. நோய் இருப்பது இந்த மண்ணிலும் அந்தத் தைலமர நிழலிலும்.

திட்டுகளை விட்டுவிட்டு மீதி இடத்தில் மெல்லிய கம்பிகளால் துளை குத்தினோம்.

மே 21

மழை இல்லை. இரவு 20. பித்தியம் அப்படியே நின்றுவிட்டது.

ஆனால் மூன்றாவதில் நாணய அளவில் வெளுத்த புள்ளிகள்: டாலர் ஸ்பாட் என்ற வேறொரு புல் நோய். இங்கே வைத்தியம் நேர் எதிர். ஏழாவதில் யூரியாவைத் தொடவே கூடாது, தழைத்த இளம்புல் பித்தியத்துக்கு விருந்து. மூன்றாவதிலோ தழைச்சத்துக் குறைவுதான் காரணம். இலைவழியாகச் சிறிது யூரியா கொடுத்தோம். எல்லாக் கிரீனுக்கும் ஒரே கலவை என்று அட்டவணை போடுகிறவர்களோடு எனக்கு எப்போதும் ஒத்துப்போவதில்லை.

மே 29

திட்டுகளின் ஓரத்திலிருந்து ஓடுதண்டுகள் உள்ளே நீள்கின்றன. இது டிஃப்ட்வார்ஃப், நம் அருகம்புல்லின் கலப்பினம், 1965-இல் அமெரிக்காவின் டிஃப்டனில் வெளியிட்டது. வெயில் கிடைத்தால் எந்தக் காயத்தையும் மூடிவிடும், நிழலை மட்டும் தாங்காது. மெல்லிசாக மணல் தூவினோம்.

ஜூன் 3

கிழக்கு வரிசையில் கீழ்க்கிளைகளைக் கழிக்க அனுமதி கிடைத்தது. காலை வெயில் இனி ஏழு மணிக்கே விழும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பருக்குள், கிரீனின் தாழ்ந்த ஓரத்தில் வடிகால் வாய்க்கால் வெட்டிச் சரளை நிரப்ப வேண்டும். செலவுக் கணக்கை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.