மாதிரி வாக்கு எண்ணிக்கையைப் பகிரும் முன்

சிங்கப்பூரில் தேர்தல் இரவில், முழு எண்ணிக்கை முடியும் முன் வெளியாகும் மாதிரி எண்ணிக்கை வந்ததுமே வாட்ஸ்அப் குழுக்களில் "ஜெயிச்சாச்சு" என்று போட்டுவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள்.

ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்திலிருந்தும் 100 வாக்குச்சீட்டுகள் கொண்ட கட்டு ஒன்றை வேட்பாளர்கள், முகவர்கள் முன்னிலையில் எடுத்து எண்ணுகிறார்கள். பிறகு அந்தந்த நிலையத்தில் பதிவான வாக்குகளுக்கு ஏற்ப விகிதம் போடுகிறார்கள். 95% நம்பகத்தன்மையில், அதாவது நூற்றுக்கு 95 முறை, இறுதி முடிவு இதைவிட 4 விழுக்காட்டுப் புள்ளி வரை கூடலாம், குறையலாம். ஆக 52-48 என்று வந்தால் அது 48-52 ஆகவும் முடியலாம்! 60-40 என்றால் பெரும்பாலும் கவலையில்லை.

2015 பொதுத் தேர்தலில்தான் தேர்தல் துறை இதை வெளியிடத் தொடங்கியது, ஊகங்களைத் தடுக்கத்தான். ஆனால் முதலில் பார்த்த எண் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. இறுதி முடிவு 2 புள்ளி நகர்ந்தாலே "ஏதோ தில்லுமுல்லு" என்ற பேச்சு கிளம்பிவிடும். பகிரும்போது அந்த ±4-ஐயும் தயவுசெய்து சேர்த்து எழுதுங்கள்.