பலூனுக்குள் பன்னிரண்டு சொல்

"கதவைத் திறந்து உள்ளே வந்தவள், செம்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்." சிறுகதையில் இது ஒரு வாக்கியம். காமிக்ஸில் மூன்று கட்டம். படம் அசையாது என்பதால் ஒரு கட்டத்தில் ஒருவர் ஒரு செயலைத்தான் செய்ய முடியும். எந்த நொடியை வரைய வேண்டும் என்று எழுதுகிறவர் சொல்லாவிட்டால் ஓவியர் தாமாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அனேகமாக அவள் உட்கார்ந்த பிறகு உள்ள நொடியை. பத்தாம் பக்கத்தில் அந்தச் செம்புதான் சாட்சி என்றால் கதை அங்கேயே படுத்துவிடும்.

பக்கத்துக்கு 5 அல்லது 6 கட்டம் என்று வைத்தால், 28 பக்கக் கதைக்கு 140 முதல் 168 கட்டம் வரை ஆகும். வலப்பக்கம் எப்போதும் ஒற்றைப்படை எண். ஆகவே கேள்வி ஒற்றைப்படைப் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் எழ வேண்டும், விடை தாளைப் புரட்டியதும் இடப்பக்கத்தில் கிடைக்க வேண்டும். நடுவில் ஒரு விளம்பரப் பக்கம் நுழைந்தால் இந்தக் கணக்கு மொத்தமும் ஒரு பக்கம் தள்ளிப்போகும், திடுக்கிடல் எதிர்ப்பக்கத்தில் முன்கூட்டியே பல்லிளிக்கும். எனவே பக்க வரிசையை முடிவு செய்யாமல் ஸ்கிரிப்டை ஓவியரிடம் கொடுப்பதே தப்பு. இரண்டு பக்கத்தையும் அடைக்கும் பெரிய படம் வேண்டுமா? நடுமடிப்பில் ஸ்டேப்ளர் பின் அடித்த 32 பக்கப் புத்தகத்தில் 16, 17 மட்டும்தான் ஒரே தாளில் வரும். வேறெங்கே போட்டாலும் நடுமடிப்பில் முகம் இரண்டாகும்.

வசனத்தில்தான் எடிட்டரின் பொழுதெல்லாம் போகிறது. தமிழில் ஒரு பலூனுக்கு, அதாவது வசனம் எழுதும் வட்டத்துக்கு, 12 சொல், மிஞ்சிப்போனால் 15. அதற்குமேல் போனால் படத்தைத் தின்றுவிடும். "செய்துகொண்டிருக்கிறாய்" என்பதில் 11 எழுத்து. "பண்ற" என்பதில் 3. ஒடுங்கிய பலூனில் முதல் சொல் ஒரே வரியில் அடங்காது, உடைத்தால் வாசிப்பு தடுக்கும். எழுத்தின் சுழியும் வளைவும் மேலும் கீழும் நீள்வதால் வரிகளுக்கு நடுவே இடம் விட வேண்டும். நெருக்கினால் மேல்வரியின் 'ழு'வும் கீழ்வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளும். சத்தத்துக்கு மட்டும் நம் மொழியில் பஞ்சமே இல்லை. தடதட, மளமள, சலசல என்று இரட்டைக்கிளவி நமக்குச் சீதனமாகவே வந்திருக்கிறது. வெளிநாட்டுக் கதையை மொழிபெயர்க்கும்போதுதான் சிக்கல். அங்கே சத்தம் படத்தோடு சேர்த்து வரையப்பட்டிருக்கும். அதை அழித்தால் பின்னணியையும் புதிதாக வரைய வேண்டும்.

முதலில் பேசுகிறவர் இடப்பக்கம் நிற்க வேண்டும். இதை ஸ்கிரிப்டில் எழுத மறந்தால் பேசுகிறவரைச் சுட்டும் பலூன் வால்கள் ஒன்றையொன்று வெட்டும். கட்டத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போட்டால் போயிற்று என்பார்கள். போகாது. திருப்பியதும் மாராப்பு இடத்தோளிலிருந்து வலத்தோளுக்குத் தாவும், டவுன் பஸ் டிரைவர் இடப்பக்கம் உட்காருவார், கடைப் பலகையின் எழுத்து இடவலம் மாறி நிற்கும். மாராப்பைப் பெண் எடிட்டர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள் என்பது என் துணிபு.

மதுரைக் கதை என்றால் ஸ்கிரிப்டோடு புகைப்படங்களும் போக வேண்டும். சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாகத் தெருக்கள் இருப்பது வெளியூர் ஓவியருக்குத் தெரியாது. ஒரே நேர்ரோட்டில் துரத்தல் காட்சியை வரைந்து அனுப்புவார். கள்ளழகர் ஆற்றில் இறங்குவது குதிரை வாகனத்தில் என்பதையும் எழுதித்தான் தர வேண்டும். பேச்சிலும் அளவு தேவை. மேலூர்க்காரர் "வந்தார்கள்" என்றால் சிரிப்பு வரும், எல்லாரும் "வந்தாய்ங்க" என்றால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் போய்விடும். இரண்டு பாத்திரத்துக்கு மட்டும் கொடுத்தால் நிற்கும்.

இந்தத் தொழிலில் பெண்கள் எடிட்டிங்கில் ஆரம்பித்து எழுத்துக்குப் போவது நல்ல வழி. அமெரிக்காவில் லூயிஸ் சைமன்சன் 1970-களில் வாரன் என்ற காமிக்ஸ் நிறுவனத்தில் எடிட்டராக இருந்தார், 1980-ல் மார்வெலுக்கு வந்து எக்ஸ்-மென் கதைகளை எடிட் செய்தார், அதன்பிறகே 1984-ல் 'பவர் பேக்' தொடரை எழுதத் தொடங்கினார். 1991-லிருந்து சில ஆண்டுகள் சூப்பர்மேன் தொடர் ஒன்றும் அவர் கையில் இருந்தது. அடுத்தவர் ஸ்கிரிப்டில் எது வரையவே முடியாதது என்று வருடக்கணக்கில் பார்த்த கண்ணுக்குத் தன் ஸ்கிரிப்டிலும் அது தட்டுப்படும். நம் ஊரில் ஒரே ஆளே மொழிபெயர்ப்பாளர், வசனகர்த்தா, பிழை திருத்துபவர், வாசகர் கடிதத்துக்குப் பதில் போடுபவர் எல்லாம். கற்றுக்கொள்ள நல்லதுதான், கூலிக்குத்தான் கேடு. பக்கத்துக்கு இவ்வளவு, இத்தனை முறைதான் திருத்தம், உள்ளட்டையில் பெயர் வரும் என்ற மூன்றையும் வேலைக்கு முன்பே எழுதி வாங்க வேண்டும். பிறகு கேட்டால் "நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி" என்பார்கள். அந்த உறவுமுறைக்குக் காசு கிடையாது.

அச்சுக்குச் சிவகாசி. முத்து காமிக்ஸ் 1972-லும் லயன் 1984-லும் பிறந்த ஊர். மதுரையிலிருந்து திருமங்கலம், விருதுநகர் தாண்டி 70 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆகவே ஃபைலை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கச் சாக்கு கிடையாது. கலர் அச்சில் நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு என்று நிறத்துக்கு ஒரு பிளேட், அதாவது அச்சுத்தகடு. எழுத்து கருப்பு பிளேட்டில் மட்டும் இருக்க வேண்டும். படத்தோடு சேர்த்து ஒரே படமாக்கி நிறம் மாற்றினால் கருப்பு நான்கு பிளேட்டுக்கும் பிரிந்துவிடும். ரிஜிஸ்டர், அதாவது நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று விழும் பொருத்தம், மயிரிழை விலகினாலும் எழுத்தைச் சுற்றி நீலமும் சிவப்பும் கசியும், 'ழ்'-இன் புள்ளி பொட்டுபோல அப்பிக்கொள்ளும். முதலில் ஓடும் தாள்கள் எப்படியும் கழிவுதான். அந்த நேரத்துக்குள் லென்ஸை வைத்து, மிகச் சின்ன பலூனில் ஒரு மெய்யெழுத்தைத் தேடிப் பார்த்து, மெஷின்காரரிடம் "அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொல்லிவிட வேண்டும்.