கிராம் பார்சன்ஸும் டேப் இரைச்சலும்

நேத்து ராத்திரி முழுக்க அமெரிக்க கன்ட்ரி-ராக் பாடகர் கிராம் பார்சன்ஸ்தான். 1973இல், 26 வயசில் போய்ச் சேர்ந்த மனுஷன். சொந்தப் பெயரில் இரண்டே ஆல்பம், இரண்டாவது வந்தபோது ஆள் இல்லை. மிச்சத்துக்கு டேப்புகள்தான் கதி.

பைர்ட்ஸ் என்ற ராக் குழுவின் 1968 ஆல்பத்தில் அவர் பாடிய சில பாட்டுகளில் அவர் குரலை எடுத்துவிட்டு குழுத் தலைவர் ரோஜர் மெக்குயின் பாடினார். பார்சன்ஸின் பழைய ரெக்கார்டு கம்பெனியோடு ஒப்பந்தத் தகராறு என்பார்கள். அந்த அசல் குரல் 1990இல்தான் அதிகாரபூர்வமாக வெளிவர ஆரம்பித்தது. 1969இல் சான் பிரான்சிஸ்கோ அவலான் அரங்கில் 'பறக்கும் பரிட்டோ சகோதரர்கள்' (பேரைப் பாருங்க!) என்ற தன் குழுவோடு வாசித்ததை, கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழுவின் ஒலிக்காரர் ஆவ்ஸ்லி ஸ்டான்லி பதிந்து வைத்திருந்தார். வெளிவந்தது 2007இல்.

எனக்குப் பிடித்தது 1973 மார்ச்சில் நியூயார்க் பக்கம் ஒரு ரேடியோ ஸ்டேஷனுக்காக பாடகி எம்மிலூ ஹாரிஸோடு பாடியது. அவர் தடுமாறும்போதெல்லாம் அந்தப் பெண் குரல் கைத்தாங்கலாக வந்து நிற்கிறது.

கடைசி ஆல்பத்தில் 'வடக்கு கியூபெக்கில் நேரடிக் கச்சேரி' என்று ஒன்று இருக்கும். கைதட்டல், கூச்சல் எல்லாம் ஸ்டூடியோவில் சேர்த்தது. கிடப்பில் கிடந்த டேப் அசல், கம்பெனி டேப் டூப்பு!