பள்ளிக்குப் போகாமல் பிளஸ் டூ: என்.ஐ.ஓ.எஸ்.ஸில் சேரும் முன்

பத்தாவது முடித்த பிள்ளை "நானே படித்துக்கொள்கிறேன், பள்ளி வேண்டாம்" என்று கேட்டால், வீட்டில் எழும் முதல் சந்தேகம் சான்றிதழ் செல்லுமா என்பதுதான். செல்லும். என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசிய திறந்தநிலைப் பள்ளி மத்திய அரசின் கல்வி வாரியம். 1989-இல் தனி அமைப்பானது. பிள்ளைகள் இடறுவது சான்றிதழில் அல்ல, விதிகளிலும் தேதிகளிலும்தான்.

சேரும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். பிள்ளை அரசுப் பள்ளியில் படிக்கிறதா? 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் கல்லூரி மாணவர்களுக்குத் தரும் மாதம் 1,000 ரூபாயும் அரசுப் பள்ளிப் படிப்பைக் கணக்கில் எடுப்பதுதான். பத்தாவதோடு வெளியேறினால் இவை கைவிட்டுப் போகும். அப்படிப்பட்ட பிள்ளையிடம் பள்ளியிலேயே இரண்டு வருடம் இரு என்றுதான் சொல்வேன்.

பத்தாம் வகுப்பை இதில் எழுத 14 வயது ஆக வேண்டும். பிளஸ் டூவுக்கு 15 வயதும் பத்தாவது தேர்ச்சியும் வேண்டும். குறைந்தது 5 பாடம், அதில் ஒன்றாவது மொழிப்பாடம். ஒருமுறை பதிந்தால் 5 ஆண்டு செல்லும். அதற்குள் ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வு வீதம் பாடங்களைப் பிரித்து எழுதிக்கொள்ளலாம். சதுரங்கம், நீச்சல், நடனம் என்று நாளின் பாதியைப் பயிற்சிக்குக் கொடுக்கும் பிள்ளைக்கு இதுவே பெரிய வரம்.

ஆனால் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் விதி ஒன்று உண்டு. பத்தாவது தேறியதற்கும் பிளஸ் டூ முடிப்பதற்கும் இடையே 2 ஆண்டு இடைவெளி வேண்டும். அதற்கு முன் அதிகபட்சம் 4 பாடம்தான் எழுத முடியும். "ஒரே வருடத்தில் பிளஸ் டூ" என்று விளம்பரம் செய்யும் டியூஷன் சென்டர்கள் இதைச் சொல்வதில்லை. இந்த விதியை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். முதல் வருடத்தில் ஆங்கிலத்தையும் இன்னொரு இலகுவான பாடத்தையும் எழுதி முடித்துவிட்டு, இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றையும் இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொண்டால் நுழைவுத்தேர்வுக்கான படிப்பும் அதோடு சேர்ந்து ஓடும்.

பாடம் தேர்ந்தெடுக்கும்போது ஐந்தில் குறைக்காதீர்கள். பொறியியல் நுழைவுத்தேர்வான ஜே.இ.இ. மெயினின் விதியிலேயே என்.ஐ.ஓ.எஸ். மாணவர் குறைந்தது 5 பாடத்தில் தேர்வு எழுதியிருக்க வேண்டும் என்று இருக்கிறது. மாநில வாரியத்தில் பிளஸ் டூ எழுதிச் சில பாடங்களில் தவறியவர்கள், தேறிய பாடங்களில் இரண்டு வரை இங்கே மாற்றிக்கொள்ளலாம்.

பணம் கட்டும் இடத்தில் வருடாவருடம் ஒரே தவறு நடக்கிறது. சேர்க்கைக் கட்டணம் வேறு, தேர்வுக் கட்டணம் வேறு. சேர்க்கை முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட்டுத் தேர்வுப் பதிவின் கடைசித் தேதியைக் கோட்டைவிட்டால் ஆறு மாதம் போச்சு. என்.ஐ.ஓ.எஸ். இணையதளத்தைத் திங்கட்கிழமைதோறும் திறந்து பார்ப்பதைப் பிள்ளையின் வேலையாகவே வைத்துவிடுங்கள். தானே படிக்கும் பிள்ளைக்கு இதுவும் பாடம்தான்.

செய்முறைதான் அடுத்த கண்ணி. அறிவியல் பாடங்களில் எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியாக 33 விழுக்காடு எடுக்க வேண்டும். செய்முறை வகுப்பு நடத்த வேண்டிய படிப்பு மையம் என்று பெயருக்கு ஒரு அறையைக் காட்டும் இடங்கள் உண்டு. திரவம் அளக்கும் பிப்பெட்டையே கையில் பிடித்துப் பார்க்காத பிள்ளை செய்முறைத் தேர்வில் போய் நின்று என்ன செய்யும்? மையத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் நேரில் போய் ஆய்வகத்தைப் பாருங்கள். எந்தெந்த நாளில் வகுப்பு என்று கேட்டு, அட்டவணையை எழுதி வாங்குங்கள்.

ஒவ்வொரு பாடத்துக்கும் டி.எம்.ஏ. என்கிற ஒப்படைப்பு, அதாவது வீட்டிலேயே விடை எழுதிக் கொடுக்கும் வேலை, உண்டு. அதற்கு 20 விழுக்காடு மதிப்பு. வலையில் கிடைக்கும் விடையை அப்படியே எடுத்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. அது பிள்ளைக்குத்தான் நட்டம். ஏனென்றால் பாடத்திட்டமே இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: ஒவ்வொரு பாடத்திலும் சுமார் 40 விழுக்காடு அத்தியாயங்கள் ஒப்படைப்புக்கு, மீதி பொதுத்தேர்வுக்கு. ஒப்படைப்பில் ஒதுங்கும் அத்தியாயங்களிலிருந்து பொதுத்தேர்வில் கேள்வி வராது. ஆனால் நுழைவுத்தேர்வில் வரும். எனவே எந்த அத்தியாயம் எதற்கு என்ற பட்டியலை முதல் நாளே அச்சிட்டு மேசைக்கு மேல் ஒட்டிவிடுங்கள். நீட், ஜே.இ.இ. எழுதும் எண்ணம் இருந்தால் மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடப்புத்தகத்தை முதன்மையாக வைத்து, ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்ததும் என்.ஐ.ஓ.எஸ். புத்தகத்தின் அத்தியாய இறுதிக் கேள்விகளைப் போடச் சொல்லுங்கள். இரண்டின் பாட வரிசையும் வேறு வேறு. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்குப் போவதாக இருந்தால் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்று காட்டும் நேட்டிவிட்டி சான்றிதழை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாநிலத்துக்குள் பள்ளியில் படித்ததைக் காட்ட வேண்டிய இடத்தில் திறந்தநிலைப் பள்ளி மாணவரிடம் அதற்கான பள்ளிச் சான்று இருக்காது. மே மாதக் கூட்டத்தில் போய் வரிசையில் நின்றால் கையில் வந்து சேர்வதற்குள் விண்ணப்பத் தேதி முடிந்துவிடலாம்.