‘நாங்க’ போய் ‘நான்’ வந்த கதை: என் சிடிஆர் அனுபவம்

ஆஸ்திரேலியாவுக்குக் குடியேற, என் பி.இ. படிப்பை அங்கே மதிப்பிட வேண்டியிருந்தது. அவர்கள் நேரடியாக ஏற்கும் படிப்புகளின் பட்டியலில் நான் படித்த காலேஜ் இல்லை, எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பித்தது. பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014இல் முழு உறுப்பினரானது, அதனால் நம்ம பி.இ. ஆஸ்திரேலியாவில் அப்படியே செல்லும் என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டேன். ஆனால் நம் நாட்டில் படிப்புகளைச் சோதித்து அங்கீகரிக்கும் என்பிஏவின் டயர் 1 அங்கீகாரம் வாங்கிய படிப்புகளுக்குத்தான் அந்தச் சலுகை. சாதாரண இணைப்புக் கல்லூரிக்குக் கிடைப்பது டயர் 2, அது கணக்கில் வராது. என்னைப் போன்றவர்களுக்கு மிச்சமிருப்பது சிடிஆர், அதாவது காம்பிடென்சி டெமான்ஸ்ட்ரேஷன் ரிப்போர்ட், நம் திறமையை நாமே எழுதிக் காட்டும் அறிக்கை.

இதைக் கேட்பது இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா. அரசு அலுவலகம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 1919இல் தொடங்கிய பொறியாளர் சங்கம் அது. குடியேற வருகிற இன்ஜினியர்களின் தகுதியைப் பார்த்துச் சொல்லும் வேலையை அரசாங்கம் அதனிடம் விட்டிருக்கிறது. (இதில் பாஸானால் சங்க உறுப்பினர் ஆகிவிடுவோம் என்று நினைக்க வேண்டாம், அது தனி விண்ணப்பம். குயின்ஸ்லாந்து, விக்டோரியா போன்ற மாநிலங்களில் சட்டப்படி பதிவு செய்வது வேறு, அது மூன்றாவது. நானும் குழம்பினேன்.)

வேண்டியவை: பாஸ்போர்ட், டிகிரி, மார்க் ஷீட், ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 6 எடுத்த ஐஈஎல்டிஎஸ், ரெஸ்யூமே, படிப்புக்கு அப்புறம் என்னென்ன கற்றோம் என்று ஒரு பக்கப் பட்டியல், மூன்று ‘கேரியர் எபிசோட்’ (நாம் செய்த ஒரு வேலையை விவரிக்கும் கட்டுரை), கடைசியில் ஒரு சம்மரி ஸ்டேட்மென்ட். எபிசோட் ஒவ்வொன்றும் 1,000 முதல் 2,500 சொற்கள், தன்மை ஒருமையில், பத்திக்குப் பத்தி எண் போட்டு எழுத வேண்டும். காசு கொடுத்தால் எழுதித் தருகிறோம் என்று பலர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி வாங்கிய எபிசோட் ஏற்கெனவே இன்னொருவருக்கும் விற்கப்பட்டிருந்தது. அங்கே காப்பியைச் சோதிக்க மென்பொருள் இருக்கிறது, மாட்டினால் நிராகரிப்பதோடு தடையும் போடுவார்கள். அதனால் நானே உட்கார்ந்தேன்.

முதல் எபிசோடுக்கு எடுத்துக்கொண்டது, ஒரகடம் பக்கம் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தபோது நடந்த லீக் டெஸ்ட் பிரச்சனை. அலுமினிய காஸ்டிங் ஒன்று, டெஸ்ட் மெஷினில் லீக் என்று ரிஜெக்ட் ஆகும், தண்ணீரில் முக்கிப் பார்த்தால் ஒரு குமிழிகூட வராது. இதை ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் எழுதி, சிட்னியில் இருந்த என் சீனியரிடம் அனுப்பினேன். அவர் ஒரு வரியும் திருத்தவில்லை. ‘வீ’ என்ற சொல்லை மட்டும் மஞ்சள் அடித்து அனுப்பியிருந்தார், பக்கம் முழுக்க மஞ்சள். “தம்பி, இதுல நீ என்ன பண்ணின? உன் டீம் வேணா ஆஸ்திரேலியா வரட்டும், உன்னைக் காணோமே.”

நம்ம வளர்ப்பு அப்படி. ‘நான் செஞ்சேன்’ என்றால் திமிர், ‘நாங்க பண்ணினோம்’ என்றால் மரியாதை. மூன்று நாள் எடுத்து ‘வீ’ எல்லாவற்றையும் ‘ஐ’ ஆக்கினேன், படித்தபோது எனக்கே கூசியது. காரணம், அந்தப் பிரச்சனையை முதலில் பிடித்தது நான் இல்லை, லைனில் இருந்த ஆபரேட்டர் அண்ணன். “சார், கிளாம்ப் இறங்கினதும் பீஸ் நெளியுது, கையை வச்சுப் பாருங்க” என்றது அவர்தான். அதை எப்படி ‘நான் கண்டுபிடித்தேன்’ என்று எழுதுவது?

பழைய டைரியைத் தேடி எடுத்த பிறகுதான் வழி தெரிந்தது. அவர் சொன்னதும் டயல் கேஜ் வைத்து அளந்தது நான். கிளாம்ப் சிலிண்டர் 63 மி.மீ. போர், 6 பாரில் சுமார் 1,870 நியூட்டன் விழுகிறது, அந்த மெல்லிய சுவருக்கு அது அதிகம், சுவர் நெளிவதால் சீல் சரியாகப் படியாமல் மெஷின் லீக் என்கிறது. சீல் விட்டம் 50 மி.மீ., டெஸ்ட் பிரஷர் 2 பார், பீஸை மேலே தள்ளும் விசை 400 நியூட்டனுக்குள்தான். 40 மி.மீ. சிலிண்டர் போட்டால் 750 நியூட்டன் கிடைக்கும், சீலை அழுத்தவும் மிச்சம் இருக்கும். இந்தக் கணக்கு, டிராயிங், மெயின்டனன்ஸ்காரர்களைச் சமாளித்து ஒரு ஷிஃப்ட் டிரையல் வாங்கியது, இதெல்லாம் என் வேலை. அப்படியே எழுதினேன்: ஆபரேட்டர் சொன்னார், நான் அளந்தேன், நான் கணக்குப் போட்டேன், நான் மாற்றினேன். அண்ணன் சொன்ன பத்தியையே, அவர்கள் பட்டியலில் பிஈ 3.6 என்ற தகுதிக்கு, அதாவது குழுவாக வேலை செய்வதற்கு, சான்றாகக் காட்டினேன்.

இந்த பிஈ எண்கள்தான் சம்மரி ஸ்டேட்மென்ட். மொத்தம் 16 தகுதிகள், ஒவ்வொன்றுக்கும் எந்த எபிசோடில் எந்தப் பத்தி சாட்சி என்று எண் போட வேண்டும். எபிசோட் முழுசாக முடியும்வரை இதைத் தொடாதீர்கள். நான் நடுவில் ஒரு பத்தி சேர்த்ததில் 1.9 எல்லாம் 1.10 ஆகி ராத்திரி முழுக்கத் திருத்தினேன். கணக்கும் டிசைனும் நமக்குச் சுலபமாக நிரம்பிவிடும். தொழில் நெறி, பாதுகாப்பு, விதிமுறை பற்றிய கட்டங்கள்தான் காலியாக நிற்கும். மூன்றாவது எபிசோடாக ஃபைனல் இயர் பிராஜெக்ட்டை எழுதினேன். நாலு பேர் சேர்ந்து செய்தது, அதிலும் இதே ‘நாங்க’ தொல்லை.

பணி அனுபவத்தையும் சேர்த்து மதிப்பிடக் கேட்டிருந்தேன், அங்கேதான் இழுத்தது. கம்பெனி எச்ஆர் கொடுத்த கடிதத்தில் சேர்ந்த தேதி, விட்ட தேதி, ‘நன்னடத்தை’, அவ்வளவுதான். என்ன பதவி, என்னென்ன வேலை என்று லெட்டர்ஹெட்டில் வேண்டும் என்று பதில் வந்தது. “எங்க ஃபார்மட் இதுதான்” என்று எச்ஆர் அசையவே இல்லை. பழைய மேனேஜர் வீட்டுக்கு இரண்டு தடவை போய், அவர் சொல்லிச் சொல்லிக் கடைசியில் கிடைத்தது. ஃபார்ம் 16, பிஎஃப் பாஸ்புக் எல்லாம் பத்திரமாக இருந்ததால் சம்பள ஆதாரத்துக்கு அலையவில்லை. இப்போது வேலையில் இருப்பவர்கள், ரிலீவ் ஆகும் முன்பே இந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

மெக்கானிக்கல் இன்ஜினியர், ‘புரொஃபஷனல் இன்ஜினியர்’ பிரிவு என்று போட்ட கடிதம் ஒரு வியாழக்கிழமை மெயிலில் வந்தது. அன்று சாயங்காலமே ஆபரேட்டர் அண்ணனுக்கு போன் போட்டு, உங்களைப் பற்றியும் எழுதினேன் அண்ணே என்றேன். அவருக்கு அந்த லீக் டெஸ்ட்டே சரியாக ஞாபகம் இல்லை. “எது, அந்த 63 சிலிண்டரா? அது ஸ்டோர்ல சும்மா கிடந்துச்சு சார், வேற ஃபிக்ஸ்சருக்கு எடுத்துப் போட்டுட்டோம்” என்றார்.