டொமைன் மாறியதும் செல்லாமல் போகும் ப்ளகின் லைசென்ஸ்: சரிசெய்யும் வழி

வேர்ட்பிரஸ் தளத்தைப் புது டொமைனுக்கு மாற்றியதும் எல்லோரும் முதலில் பார்ப்பது பக்கங்களையும் படங்களையும்தான். அவை ஒழுங்காக வந்திருந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். அட்மின் பக்கத்தில் 'லைசென்ஸ் இந்த டொமைனுக்குப் பொருந்தவில்லை' என்ற பட்டை பிறகுதான் தலைகாட்டும். பெரும்பாலான கட்டண ப்ளகின்கள் (தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் நீட்சிகள்) அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அப்டேட் மட்டும் நின்றுபோகும். வாசகர் கண்ணுக்கு எதுவும் தெரியாததால் இதைத் தள்ளிப்போடத் தோன்றும். பாதுகாப்புத் திருத்தம் வெளியாகும் நாளில் அது உங்கள் தளத்துக்கு வராது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீயை (வாங்கும்போது தரப்படும் லைசென்ஸ் குறியீட்டை) மறுபடி மறுபடி ஒட்டி சேவ் அழுத்துவதால் பெரும்பாலும் பயனில்லை. லைசென்ஸ் என்று நாம் சொல்வது மூன்று இடங்களில் இருக்கும் தகவல். ப்ளகினை விற்றவரின் சர்வரில் 'இந்தக் கீ இந்த முகவரியில் இயங்குகிறது' என்று ஒரு பதிவு. உங்கள் டேட்டாபேஸின் ஆப்ஷன்ஸ் டேபிளில் (தளத்தின் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) ப்ளகின் எழுதி வைத்திருக்கும் கீயும் அதன் நிலையும். அடுத்து, உங்கள் தளம் தன் முகவரி என்று இப்போது சொல்வது. டொமைன் மாறும்போது கடைசியானது மட்டும் மாறுகிறது, மற்ற இரண்டும் பழைய பெயரையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. எது எதோடு ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

தளத்தின் முகவரியிலிருந்தே தொடங்குவேன். செட்டிங்ஸ், ஜெனரல் பக்கத்தில் வேர்ட்பிரஸ் முகவரி, தள முகவரி இரண்டும் புது டொமைனாக இருக்க வேண்டும். பெட்டிகள் மங்கி, திருத்த முடியாமல் இருந்தால் டபிள்யூபி-கான்ஃபிக் (wp-config.php) என்ற அமைப்புக் கோப்பில் அந்த முகவரிகளை யாரோ நேரடியாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். டேட்டாபேஸில் என்ன இருந்தாலும் அந்தக் கோப்பில் இருப்பதே செல்லும். முன்னால் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ வேண்டுமா வேண்டாமா என்பதையும் இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். சில விற்பனையாளர்களின் சர்வர் அதை நீக்கிவிட்டு ஒப்பிடும், சிலருடையது இரண்டையும் வெவ்வேறு தளமாக எண்ணும். லைசென்ஸை ஆக்டிவேட் செய்த பிறகு இதை மாற்றினால் இதே வேலையை மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும்.

அதிகம் சிக்க வைப்பது, லைசென்ஸ் அனுமதிக்கும் தளங்களின் எண்ணிக்கையில் பழைய டொமைன் பிடித்து வைத்திருக்கும் இடம். ஒரு தளத்துக்கு மட்டும் வாங்கிய லைசென்ஸ் என்றால், பழைய முகவரியை நீக்காமல் புதியதைச் சேர்க்க முடியாது. நல்ல வழி, டொமைன் மாற்றும் முன்பே பழைய தளத்தில் ஒவ்வொரு ப்ளகினிலும் டீஆக்டிவேட் லைசென்ஸ் கொடுத்துவிடுவது. ப்ளகினையே டீஆக்டிவேட் செய்வதும் இதுவும் ஒன்று என்று நினைத்து விடுபவர்கள் உண்டு. பல ப்ளகின்கள் தம்மை நிறுத்தும்போது விற்பனையாளர் சர்வருக்கு எதுவும் சொல்வதில்லை.

மாற்றிய பிறகு அதே பொத்தானை அழுத்தினால்? ப்ளகின் அந்த நேரத்தில் தளத்துக்கு இருக்கும் முகவரியைத்தான் அனுப்பும், அதாவது புது முகவரியை. அந்தப் பெயரில் சர்வரில் பதிவே இல்லை, ஆகவே எதுவும் நீங்காது. சில ப்ளகின்களில், உங்கள் தளத்தில் மட்டும் நிலை 'இனாக்டிவ்' என்று மாறி, எல்லாம் சரியானது போலக் காட்டும். அடுத்து ஆக்டிவேட் அழுத்தினால் 'ஆக்டிவேஷன் மீதம் இல்லை' என்று வரும். இந்நிலையில் தளத்தின் பக்கம் செய்ய எதுவும் இல்லை. விற்பனையாளர் இணையதளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து, லைசென்ஸ் பக்கத்தில் தளங்களின் பட்டியலைத் திறந்து பழைய டொமைனை நீக்குங்கள்.

அப்படிப் பட்டியல் இல்லாத விற்பனையாளர்களும் உண்டு. அவர்கள் ஈஸி டிஜிட்டல் டவுன்லோட்ஸ் என்ற விற்பனை ப்ளகினின் லைசென்சிங் நீட்சியைப் பயன்படுத்துபவர்களாக இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. அதன் ஏபிஐக்கு (மென்பொருள்களின் கோரிக்கையைப் பெறும் வாசல்) டீஆக்டிவேட் கோரிக்கையை நீங்களே அனுப்பலாம். கீ, ப்ளகினின் ஐட்டம் எண், பழைய டொமைனின் முழு முகவரி ஆகிய மூன்றையும் அதில் சேர்க்க வேண்டும். பழைய டொமைன் இப்போது இயங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அதே அமைப்பு தரும் பிழைச் செய்திகளையும் நிதானமாகப் படியுங்கள். 'சைட் இனாக்டிவ்' என்றால் கீ நல்லதுதான், இந்த முகவரி மட்டும் பட்டியலில் இல்லை. 'ஐட்டம் நேம் மிஸ்மேட்ச்' என்றால் வேறு ப்ளகினின் கீயை ஒட்டியிருக்கிறீர்கள், டொமைனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இனி டேட்டாபேஸ். பழைய முகவரியை, டேட்டாபேஸிலிருந்து எடுத்த எஸ்கியூஎல் கோப்பில் நேரடியாகத் தேடி மாற்றியிருந்தால் லைசென்ஸ் விவரமும் சிதைந்திருக்க வாய்ப்பு அதிகம். சீரியலைஸ் செய்த தரவில், அதாவது பல மதிப்புகளை ஒரே வரியாகக் கோத்துச் சேமித்ததில், ஒவ்வொரு சொற்றொடருக்கும் முன்னால் அதன் நீளம் எழுதப்பட்டிருக்கும். 19 எழுத்து முகவரியை எடுத்துவிட்டு 23 எழுத்து முகவரியை வைத்துவிட்டு, முன்னால் 19 என்றே விட்டால் வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியால் அதைப் பிரித்துப் படிக்க முடியாது. லைசென்ஸ் பெட்டி காலியாக நிற்கும். வேர்ட்பிரஸைக் கட்டளை வரியில் இயக்கும் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் சர்ச்-ரீப்ளேஸ் கட்டளை இந்த நீளத்தையும் சேர்த்தே திருத்தும். முதலில் ட்ரை-ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை) போட்டு எத்தனை இடங்கள் மாறும் என்று பாருங்கள், பேக்கப் எடுங்கள், பதிவுகளின் நிலையான அடையாளம் இருக்கும் ஜியுஐடி நெடுவரிசையைத் தவிர்த்துவிட்டு ஓட்டுங்கள்.

அந்தக் கட்டளைக்கும் எட்டாத இடம் உண்டு. கூடுதல் புலங்கள் சேர்க்கும் ப்ளகினான ஏசிஎஃப் ப்ரோ தன் கீயையும் டொமைனையும் சேர்த்து பேஸ்64 என்ற குறியீட்டு வடிவில் வைக்கிறது. வெறும் எழுத்துத் தேடலுக்கு அதற்குள் இருக்கும் பழைய முகவரி அகப்படாது. அதைக் கையால் திருத்தப் போக வேண்டாம். அந்த ப்ளகினின் அப்டேட்ஸ் பக்கத்தில் கீயைப் புதிதாகக் கொடுத்தால் சரியான முகவரியோடு அதுவே எழுதிக்கொள்ளும். வேறு சில ப்ளகின்கள் கீயை டபிள்யூபி-கான்ஃபிக்கில் உள்ள சால்ட் எனும் ரகசிய மதிப்புகளால் பூட்டி வைக்கின்றன. மாற்றத்தின்போது புது சால்ட் போட்டிருந்தால் பழைய கீ திறக்காது, திரும்ப உள்ளிடுவது ஒன்றே வழி.

ஆக்டிவேட் ஆகிவிட்டது, ஆனாலும் 'தானியங்கி அப்டேட் இல்லை' என்ற வரி போகவில்லை என்றால் அது பெரும்பாலும் பழைய கேஷ் (தற்காலிகச் சேமிப்பு). வேர்ட்பிரஸ் அப்டேட் சோதனை முடிவைச் சேமித்து வைத்துக்கொள்கிறது, பொதுவாக 12 மணி நேரத்துக்கு ஒரு முறைதான் மறுபடி கேட்கும். லைசென்ஸ் இல்லாதபோது கேட்ட பதிலில் டவுன்லோட் இணைப்பு காலியாக இருந்திருக்கும், அதுவே இன்னும் காட்டப்படுகிறது. டாஷ்போர்டில் அப்டேட்ஸ் பக்கத்தில் 'மறுபடி சோதி' அழுத்துங்கள். டேட்டாபேஸ் பதில்களை நினைவகத்தில் வைக்கும் ரெடிஸ் போன்ற ஆப்ஜெக்ட் கேஷ் இருந்தால் அதையும் காலி செய்துவிட்டுப் பாருங்கள்.

டொமைனோடு ஹோஸ்டிங்கும் மாறியிருந்தால் இன்னொரு சந்தேகமும் வர வேண்டும்: கோரிக்கை வெளியே போகிறதா? கர்ல் (தளம் வெளியே தொடர்புகொள்ளப் பயன்படுத்தும் கருவி) தரும் பிழை 28 என்றால் நேரம் கடந்துவிட்டது, பெரும்பாலும் ஃபயர்வாலோ டிஎன்எஸ்ஸோ காரணம். 60 என்றால் சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை, புது சர்வரின் ரூட் சான்றிதழ்கள் பழையவையாக இருக்கலாம். வெளித் தொடர்பைத் தடுக்கும் அமைப்பு டபிள்யூபி-கான்ஃபிக்கில் போடப்பட்டிருந்தால், விற்பனையாளர் சர்வரின் பெயரை அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

ஃப்ரீமியஸ் என்ற விற்பனைத் தளம் வழியாக விற்கப்படும் ப்ளகின்கள் இதில் கொஞ்சம் சமர்த்து. முகவரி மாறியதைத் தாமே கண்டுபிடித்து, இது இடம் மாறிய தளமா, நகலா, புதுத் தளமா என்று கேட்கும். நிரந்தரமாக மாற்றியிருந்தால் இடம் மாற்றம் என்பதையே தேர்ந்தெடுங்கள். ஜெட்பேக் ப்ளகினும் இதே மாதிரி சேஃப் மோடில் நின்று கேட்கும். அவசரத்தில் தனித்தளம் என்று சொல்லிவிட்டால் பழைய புள்ளிவிவரமும் சந்தாதாரர்களும் கூட வரமாட்டார்கள்.

சோதனைத் தளம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கீயை டபிள்யூபி-கான்ஃபிக்கில் எழுதி வைப்பது வசதிதான், ஏசிஎஃப் ப்ரோவும் படிவ ப்ளகினான கிராவிட்டி ஃபார்ம்ஸும் அதை ஏற்கும். ஆனால் அந்தக் கோப்பை அப்படியே நகலெடுத்தால், சோதனைத் தளமும் தானாகவே ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ள இடமுண்டு. நகலில் அந்த வரியை எடுத்துவிடுங்கள். சோதனை டேட்டாபேஸை முழுதாக நேரடித் தளத்தின் மேல் ஏற்றினாலும் லைசென்ஸ் நிலை அங்கிருந்து வந்து உட்கார்ந்துவிடும், ஏற்றிய பின் ஒவ்வொரு ப்ளகினின் லைசென்ஸ் பக்கத்தையும் திறந்து பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு சரியாகவில்லை என்றால் விற்பனையாளர் ஆதரவுக்கு எழுத வேண்டியதுதான். பழைய முகவரி, புது முகவரி, ஆர்டர் எண், திரையில் வந்த பிழைச் செய்தி வார்த்தை மாறாமல், கீயின் கடைசி நான்கு எழுத்துகள் ஆகியவற்றை முதல் மடலிலேயே கொடுங்கள். முழுக் கீ வேண்டாம். வாங்கியபோது கொடுத்த மின்னஞ்சல் பழைய டொமைனில் இருந்ததா என்றும் பாருங்கள். அப்படியானால் அந்த டொமைன் காலாவதியாவதற்குள் கணக்கின் மின்னஞ்சலை மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் பாஸ்வேர்டை மீட்கும் மடல்கூட உங்களுக்கு வந்து சேராது.